முதல் சுற்றில் 45 விழுக்காடு வாங்கியவர் தோற்றது எப்படி? மாலத்தீவு 2013 அதிபர் தேர்தல்

கேள்வி: நெய்தல்

மாலத்தீவின் 2013 அதிபர் தேர்தலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். செப்டம்பர் 7 முதல் சுற்றில் முகம்மது நஷீதுக்கு 45.45%, அப்துல்லா யாமீனுக்கு 25.35%, காசிம் இப்ராஹிமுக்கு 24.07%, அப்போது பதவியில் இருந்த முகம்மது வஹீதுக்கு 5.13%. முதல் இரண்டு பேருக்கும் இடையே 20 புள்ளி இடைவெளி. நவம்பர் 16இல் யாமீன் 51.39% வாங்கி அதிபராகிவிட்டார். நடுவில் ஒரு தேர்தலே ரத்தாகி, மறுபடி நடந்திருக்கிறது.

எனக்குப் புரியாதவை:

1. முதலிடத்தில் இவ்வளவு தெளிவாக ஒருவர் இருக்கும்போது, எந்தக் காரணத்தை வைத்து முதல் சுற்றை ரத்து செய்தார்கள்?
2. மறுவாக்குப்பதிவிலும் நஷீத் 46.93% வாங்கினார். ஒரே வாரத்தில் எப்படி நிலைமை தலைகீழானது?
3. வாக்காளர் 'மறுபதிவு' என்று எல்லா இடத்திலும் வருகிறது. அது என்ன? ஏன் அவ்வளவு சண்டை?
4. இலங்கையைப் போல விருப்பு வாக்கு முறை இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா?

எண்ணிக்கையோடு விளக்கினால் நல்லது.

---

பதில் 1: வாக்குக்கணக்கன்

1ஆம் கேள்விக்கு விடை, நீங்கள் கவனிக்காமல் விட்ட இடைவெளியில் இருக்கிறது. எல்லோரும் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு சுற்றுத் தேர்தலில் உயிர்நாடி, இரண்டாமிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் உள்ள தூரம். எண்களை வைத்துப் பாருங்கள்:

நஷீத் 95,224
யாமீன் 53,099
காசிம் 50,422
வஹீத் 10,750

யாமீனுக்கும் காசிமுக்கும் வித்தியாசம் வெறும் 2,677. அரசியலமைப்பின் 111ஆவது பிரிவு சொல்வது இது: யாருக்கும் 50 விழுக்காட்டுக்கு மேல் இல்லையென்றால், அதிக வாக்கு வாங்கிய முதல் இருவர் மட்டும் 21 நாளுக்குள் மறுபடி மோத வேண்டும். அப்படியானால் மூன்றாமிடக்காரருக்கு அந்த 2,677 வாக்குதான் எல்லாம். அதைத் தாண்டிவிட்டால் அவர் இரண்டாம் சுற்றில் இருக்கிறார்; தாண்டாவிட்டால் வீட்டுக்குப் போகிறார்.

அதனால்தான் வழக்குக்குப் போனது நஷீதும் இல்லை, யாமீனும் இல்லை. காசிமின் ஜும்ஹூரி கட்சி. இறந்தவர்கள், வயது வராதவர்கள், இருமுறை பதிவானவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 28க்கு வைத்திருந்த இரண்டாம் சுற்றை நிறுத்தி, அக்டோபர் 7 அன்று 4க்கு 3 என்ற கணக்கில் முதல் சுற்றை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு, வெளியிடப்படாத ஒரு போலீஸ் அறிக்கையை நம்பி, 5,623 வாக்குகள் தகுதியற்றவை என்றது. 5,623 என்பது 2,677ஐவிடப் பெரியது. சட்ட வாதத்தின் முழு எடையும் இந்த ஒரு ஒப்பீட்டின் மேல் நிற்கிறது. நஷீதின் முதலிடத்தை அந்த எண் தொடக்கூட இல்லை. அவருக்கு அடுத்து யார் என்பதை மட்டும்தான் சந்தேகத்துக்குள்ளாக்கியது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த் தரப்பு பார்த்து மறுக்க முடியாத ஓர் அறிக்கையை வைத்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வாக்கை ரத்து செய்தது பெருந்தவறு. முதல் சுற்றை நேரில் பார்த்த காமன்வெல்த் குழுவும் இந்தியக் குழுவும் வாக்குப்பதிவு நன்றாக நடந்ததாகவே சொன்னார்கள். இந்தியக் குழுவில் ஜே.எம். லிங்டோவும், தமிழ்நாட்டைச் சேர்ந்த என். கோபாலசுவாமியும் இருந்தார்கள்; இருவருமே முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர்கள்.

---

பதில் 2: அத்தோல்

3ஆவது கேள்விக்கு வருகிறேன். மறுபதிவைப் புரிந்துகொள்ளாமல் மாலத்தீவுத் தேர்தலை யாரும் புரிந்துகொள்ள முடியாது.

அங்கே ஒருவருடைய பெயர், அவருடைய நிரந்தர முகவரி எந்தத் தீவில் இருக்கிறதோ அந்தத் தீவின் பெட்டியில் தானாக வந்து விழும். மக்கள் வாழும் இடமோ வேறு. நாட்டின் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தலைநகர் மாலேயை ஒட்டி இருக்கிறார்கள். பலருக்கு முகவரி தெற்கே அட்டுவிலோ வடக்கே ஏதோ ஒரு தீவிலோ இருக்கும். சுற்றுலா விடுதித் தீவுகளில் வேலை பார்ப்பவர்கள் தனி. திருவனந்தபுரம், கொழும்பு, கோலாலம்பூர் என்று படிப்புக்கும் மருத்துவத்துக்கும் போனவர்கள் தனி. இவர்கள் எல்லோரும் இருக்கிற இடத்தில் வாக்களிக்க, 'என் பெயரை இந்தப் பெட்டிக்கு மாற்றுங்கள்' என்று படிவம் கொடுக்க வேண்டும். அதுதான் மறுபதிவு.

போதாததற்கு மாலே நகராட்சியில் 'தஃப்தர்' என்றொரு பதிவேடு உண்டு. மாலேயில் சொந்த வீட்டு முகவரி இல்லாதவர்களை நகரவாசியாகக் காட்டும் பதிவேடு. வீட்டுப் பெயரே முகவரியாக உள்ள ஊரில், வீடே இல்லாத ஆயிரக்கணக்கானோர் ஒரு பட்டியலில் இருந்தால் அவர்களைச் சரிபார்ப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகப் பிழை நடக்கும் இடங்கள் இவை:

முதலாவது, பெயர் ஒரு பெட்டியில் மட்டும்தான் இருக்கும். மாலேக்கு மாற்றிவிட்டு, வாக்குப்பதிவு நாளில் ஊருக்குப் போய்விட்டால் அங்கே வாக்களிக்க முடியாது. திரும்பி வரப் படகு கிடைக்காவிட்டால் வாக்கு போயிற்று.

அடுத்தது, தனக்குத் தெரியாமலே தன் பெயர் வேறு தீவுக்குப் போய்விட்டது என்ற புகார். கட்சி ஆட்கள் படிவங்களைக் கட்டுக்கட்டாகச் சேகரித்துக் கொடுக்கும் வழக்கம் இருப்பதால் இது வரும். இதைத் தடுக்கத்தான் 2013 ரத்துக்குப் பிறகு படிவத்தில் வாக்காளர், இரண்டு சாட்சிகள், படிவத்தைக் கொண்டுவந்து தருபவர் என்று எல்லோருடைய கைரேகையும் கேட்டார்கள். நோக்கம் சரி. விளைவு, சில நாட்களுக்குள் பல்லாயிரம் படிவங்களைப் புதிதாக வாங்கிச் சரிபார்க்க வேண்டிய நிலை. ஒரு கைரேகை விடுபட்டாலும் படிவம் செல்லாது.

கடைசியாக, பட்டியலை ஒப்புக்கொள்வது. உச்ச நீதிமன்றம் 16 அம்ச வழிகாட்டுதல் ஒன்றைக் கொடுத்தது. தேர்தல் ஆணையம் தன் பட்டியலை விட்டுவிட்டுத் தேசியப் பதிவுத் துறையின் தரவிலிருந்து தொடங்க வேண்டும். இறுதிப் பட்டியலில் எல்லா வேட்பாளர்களும் கையெழுத்திட வேண்டும். இந்தக் கையெழுத்து நிபந்தனைதான் விஷம். வேட்பாளர் ஒருவர் பேனாவைத் தொடாமல் இருந்தாலே தேர்தல் நின்றுவிடும். அதுவே நடந்தது. அக்டோபர் 19 காலை வாக்குப்பதிவு தொடங்க வேண்டும். யாமீன் தரப்பும் காசிம் தரப்பும் கையெழுத்திடவில்லை. பெட்டிகளையும் வாக்குச்சீட்டுகளையும் ஆணையம் வெளியே கொண்டுபோகப் போலீஸ் விடவில்லை. தோற்கும் வாய்ப்புள்ளவர் கையில் தடுப்பதிகாரத்தைக் கொடுக்கும் விதியை எந்த நாடும் எழுதக்கூடாது.

---

பதில் 3: வாக்குக்கணக்கன்

2ஆம் கேள்வி. நவம்பர் 9 மறுவாக்குப்பதிவில் வஹீத் விலகிக்கொண்டார், மூன்று பேர்தான்:

நஷீத் 96,764 (46.93%)
யாமீன் 61,278 (29.72%)
காசிம் 48,131 (23.34%)

நவம்பர் 16 இரண்டாம் சுற்று:

யாமீன் 111,203 (51.39%)
நஷீத் 105,181 (48.61%)

இப்போது கழித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் யாமீனுக்குக் கூடியது 49,925. நஷீதுக்குக் கூடியது 8,417. இரண்டையும் சேர்த்தால் 58,342. காசிமின் வாக்குகளோ 48,131தான். மீதி 10,211, முந்தைய வாரம் செல்லுபடியான கணக்கில் இல்லாத வாக்குகள். ஆக, இரண்டு விஷயம் நடந்திருக்கிறது: காசிமின் வாக்குகளில் மிகப் பெரும்பகுதி யாமீன் பக்கம் சாய்ந்தது, கூடவே புதிதாக ஆட்களும் வந்தார்கள். காசிம் வாக்குகள் முழுவதுமே யாமீனுக்குப் போனதாக வைத்தாலும் 109,409தான் வரும். அவர் வாங்கியது அதற்கும் மேலே.

காசிம் முதலில் தயங்கினார். யாமீனின் ஒன்றுவிட்ட அண்ணனும் 30 ஆண்டு ஆண்டவருமான மம்மூன் அப்துல் கயூம் நேரில் கேட்டுக்கொண்ட பிறகு ஆதரவு அறிவித்தார். தேர்தல் ஆணையம் நவம்பர் 10ஆம் தேதியே, அதாவது மறுநாளே, இரண்டாம் சுற்றை வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை 16க்குத் தள்ளியது. பேரம் பேசி, தொண்டர்களுக்குச் சொல்லி அனுப்ப, தீவுக்குத் தீவு ஆள் திரட்ட, ஆறு நாள் கிடைத்தது. 6,022 வாக்கு வித்தியாசத்தில் முடிந்த தேர்தலில் ஆறு நாள் என்பது சிறிய விஷயமில்லை.

அரசியலமைப்பின்படி நவம்பர் 11 அன்று பழைய பதவிக்காலம் முடிந்துவிட்டது. நாடாளுமன்றம் அவைத்தலைவரிடம் பொறுப்பு போகட்டும் என்றது. நீதிமன்றம் வஹீதே தொடரட்டும் என்றது. அவரே தொடர்ந்தார்.

ஒரு திருத்தம்: மேலே 'ஒன்றுவிட்ட' என்று எழுதிவிட்டேன். கயூமும் யாமீனும் ஒரே தந்தைக்குப் பிறந்தவர்கள், தாய்தான் வேறு.

---

பதில் 4: வடமராட்சி வாசகர்

4ஆவது கேள்விக்கு எங்கட பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன். இலங்கையில் 1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் வென்றவர் முதல் எண்ணிக்கையிலேயே 50 வீதத்தைத் தாண்டிவிட்டார். விருப்பு வாக்கு ஏட்டில் மட்டுமே இருந்தது. 2024 செப்டம்பர் 21 தேர்தலில்தான் முதன்முதலாக அதை எண்ண வேண்டி வந்தது.

முறை இப்படி: வாக்காளர் தான் விரும்பும் வேட்பாளருக்கு 1 என்று இட வேண்டும். விரும்பினால் இன்னும் இருவருக்கு 2, 3 என்று இடலாம். 1 இல்லாமல் 2, 3 மட்டும் இட்டால் நிராகரிக்கப்படும். இருவருக்கு 1 இட்டாலும் அதே கதி. ஒருவருக்கு மட்டும் புள்ளடி (X குறி) இட்டால் அது 1 ஆகவே கொள்ளப்படும். புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்காமல் இருப்பது நல்லது.

யாருக்கும் 50 வீதத்துக்கு மேல் இல்லையென்றால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே தடவையில் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளை மட்டும் திரும்ப எடுப்பார்கள். முதல் இருவரின் சீட்டுகளில் 2, 3 யாருக்கு இருந்தாலும் பார்ப்பதில்லை. நீக்கப்பட்டவரின் சீட்டில் உள்ள 2, எஞ்சிய இருவரில் ஒருவருக்கு என்றால் அவரிடம் சேரும். 2 இன்னொரு நீக்கப்பட்டவருக்கு என்றால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் சீட்டு ஒதுக்கி வைக்கப்படும்.

2024இல் அனுர குமார திசாநாயக்க 5,634,915 (42.31%), சஜித் பிரேமதாச 4,363,035 (32.76%). மற்ற 36 பேருக்கும் சேர்த்து 33 இலட்சத்துக்கும் மேல். அந்த 33 இலட்சம் சீட்டில் இந்த இருவருக்கும் சேர்ந்த விருப்பு வாக்கு எவ்வளவு தெரியுமா? அனுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. கூட்டினால் 273,131. பன்னிரண்டில் ஒரு பங்கு! மற்றச் சீட்டுகளில் 2உம் 3உம் இல்லை, அல்லது நீக்கப்பட்டவர்களுக்கே இருந்தது. விருப்பு வாக்கில் சஜித் கூடுதலாகப் பெற்றும் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட இடைவெளியைத் தொடக்கூட முடியவில்லை. இறுதியில் 5,740,179க்கு 4,530,902.

இதை மாலைதீவுக்குப் பொருத்துங்கள். நவம்பர் 9இல் நஷீதின் முன்னிலை 35,486. காசிமின் 48,131 சீட்டுகளில் ஒவ்வொன்றிலும் 2 இடப்பட்டிருந்தாலும்கூட, அதில் கிட்டத்தட்ட 87 வீதமாவது யாமீனுக்குப் போயிருந்தால்தான் அவர் வென்றிருப்பார். இலங்கையைப் போலப் பன்னிரண்டில் ஒன்றுதான் என்றால் அது சுமார் 4,000 வாக்கு. நஷீத் அன்றிரவே அதிபர்.

காரணம் எளிது. விருப்பு வாக்கில் வாக்காளர் தன் இரண்டாம் தெரிவை முன்கூட்டியே, யார் எஞ்சுவார் என்று தெரியாமலே சொல்ல வேண்டும். கட்சிகளும் 'எங்களுக்கு மட்டும் போடு, வேறு யாருக்கும் போடாதே' என்றுதான் பிரசாரம் செய்யும். இரண்டாம் சுற்றில் எஞ்சியவர்கள் இருவர் என்று தெரிந்த பிறகு, தலைவர் சொல்லி, ஆட்கள் திரும்ப வருகிறார்கள். வாக்குக்கணக்கன் சொன்ன அந்த 10,211 புதிய வாக்குக்கு விருப்பு வாக்கு முறையில் இடமே கிடையாது.

---

நெய்தல்

நன்றி. அப்படியென்றால் மாலத்தீவில் முதல் சுற்றில் முன்னிலை பெறுவதற்கு மதிப்பே இல்லையா? 2008லும் இப்படித்தானே நடந்தது?

---

பதில் 5: அத்தோல்

2008 இதன் கண்ணாடிப் பிம்பம். அதுவரை அங்கே நாடாளுமன்றம் ஒரே ஒரு பெயரை முன்வைக்கும், மக்கள் 'ஆம்' அல்லது 'இல்லை' போடுவார்கள். கயூம் 1978 முதல் அப்படி ஆறு முறை ஜெயித்தார். கட்சிகளுக்கு 2005இல்தான் அனுமதி. 2008 அக்டோபர் 8, முதல் பலகட்சி அதிபர் தேர்தல். ஆறு பேர் நின்றார்கள். கயூமுக்கு 40ஐ ஒட்டி, நஷீதுக்கு 25ஐ ஒட்டி, ஹசன் சயீத், காசிம் இருவருக்கும் பதினைந்துக்கு மேல். அக்டோபர் 28 இரண்டாம் சுற்றில் தோற்ற வேட்பாளர்கள் நஷீத் பின்னால் நின்றார்கள். அவர் 54 விழுக்காட்டை ஒட்டி வாங்கி வென்றார். அப்போது முன்னிலை பெற்றுத் தோற்றவர் கயூம். ஐந்து ஆண்டு கழித்து அதே இடத்தில் நஷீத்.

ஆனால் 2008 கூட்டணி எப்படி முடிந்தது என்பதையும் பாருங்கள். உள்துறை அமைச்சரான காசிம் மூன்று வாரத்தில் வெளியேறினார். சிறப்பு ஆலோசகரான ஹசன் சயீத் சுமார் நூறு நாளில் வெளியேறினார். இரண்டு சுற்றுக்கு நடுவே சில நாளில் எழுதப்படும் ஒப்பந்தத்தில் பதவிப் பங்கீடு இருக்கும், கொள்கை இருக்காது.

இந்தப் பாடத்தை 2018இல் எதிர்க்கட்சிகள் கையாண்டன. நஷீத் நிற்க முடியாத நிலையில், முதல் சுற்றுக்கு முன்பே எல்லோரும் இப்ராஹிம் முகம்மது சோலிஹ் என்ற ஒரே பெயரில் ஒன்றுகூடினார்கள். சீட்டில் இரண்டே பேர், இடைவெளிப் பேரத்துக்கு வேலையே இல்லை. செப்டம்பர் 23 அன்று ஒரே சுற்றில் 58 விழுக்காடு. அன்று அடையாளம் சரிபார்க்கும் டேப்லெட் கருவிகள் தாமதப்படுத்தியதால் வாக்குப்பதிவை மாலை 7 மணிவரை நீட்டினார்கள். வரிசையில் நின்றவர்கள் கலையவில்லை.

முன்னிலைக்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல் எதிர்க்கட்சி வேட்பாளர் முகம்மது முய்சு முதல் சுற்றில் 46.06%, பதவியில் இருந்த சோலிஹ் 39.05%. இரண்டாம் சுற்றிலும் முய்சுதான், 54.04%.

---

பதில் 6: வாக்குக்கணக்கன்

2023 கணக்கையும் கழித்துப் பார்த்தால் 2013லிருந்து வேறுபாடு தெரியும். முய்சு 101,635லிருந்து 129,159க்குப் போனார், கூடுதல் 27,524. சோலிஹ் 86,161லிருந்து 109,868க்கு, கூடுதல் 23,707. தோற்ற ஆறு பேரின் வாக்குகள் மொத்தம் 33,000ஐ ஒட்டியவை. ஆக 18,000ஐ ஒட்டிப் புதிய வாக்குகள். மூன்றாமிடத்தில் 7.18% வாங்கிய டெமக்ரட்ஸ் கட்சி எந்தப் பக்கமும் சேரவில்லை. மொத்தமாக ஒரு பக்கம் சாய்த்துவிடக்கூடிய 'காசிம்' அந்த ஆண்டு யாருமில்லை. அதனால் இருவருக்கும் ஏறக்குறையச் சமமாகவே கூடியது, முன்னிலை நிலைத்தது.

அடுத்த முறை முடிவு வரும் இரவில் இந்த வரிசையில் பாருங்கள்: முதலில், யாராவது 50ஐத் தாண்டினார்களா. தாண்டவில்லையென்றால் 2க்கும் 3க்கும் உள்ள இடைவெளி. அது ஓரிரண்டு ஆயிரம் என்றால் வழக்கு வரும். பிறகு, மூன்றாமிடத்துக்காரரின் வாக்கு முதலிருவரின் இடைவெளியைவிடப் பெரியதா. 2013 நவம்பரில் 48,131 எதிரே 35,486. அதனால் ஆட்டம் திறந்திருந்தது. 2023இல் மூன்றாமிடத்தில் இருந்தவருக்கு 15,839, முதலிருவரின் இடைவெளி 15,474. ஒரு வாக்குகூட விடாமல் எல்லாம் சோலிஹுக்குப் போயிருந்தால்கூட 365 வாக்குதான் மேலே.

---

நெய்தல்

அந்த 365ஐ இதுவரை யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. ஒரே ஒரு சந்தேகம்: இரண்டாம் சுற்றுக்கு மறுபதிவை மறுபடி செய்ய வேண்டுமா?

---

பதில் 7: அத்தோல்

முதல் சுற்றுக்கு மாற்றிய பெட்டியே இரண்டாம் சுற்றுக்கும் தொடரும். வேறு பெட்டி வேண்டுமென்றால்தான் புதிய படிவம், அதுவும் ஆணையம் அறிவிக்கும் சில நாட்களுக்குள். மூன்று வாரத்தில் வேலைக்காக இடம் மாறுகிறவர்கள் அங்கே ஏராளம் என்பதால், பட்டியல் வந்ததும் தன் பெயர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படகேற வேண்டும்.